வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், நீங்கள் யார் என்று தெரிந்துவிடும்

புதுச்சேரியில் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறீர்களா? கடலூரிலிருந்து தினமும் தனியார் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வேலைக்கு வந்துபோய் அலுத்து, இங்கேயே சின்னதாக ஒரு வீடு பார்த்துவிடலாம் என்று லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், முதலியார்பேட்டை என 2 மாதம் அலைந்தேன். "யாரெல்லாம் இருப்பீங்க?" என்பார்கள். நான் மட்டும்தான் என்றதும் முகம் மாறிவிடும். "ஃபேமிலிக்குத்தாம்மா விடுறது." கல்யாணமாகாத பெண் என்பதுதான் பிரச்சினை என்று முடிவுகட்டி, ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புலம்பினேன்.

எதிரே உட்கார்ந்திருந்த தோழி சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எனக்குப் புருஷன் இருக்காரு, புள்ள இருக்கு, எனக்கும்தான் ஒரு வருஷமா கெடைக்கல" என்றாள். அவளிடம் யாரும் தனியாவா என்று கேட்டதில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்களாம். பதில் சொன்ன மறுநாளே, "நேத்துதாம்மா ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு." அவள் தலித். பக்கத்தில் இருந்த இன்னொரு நண்பர் முஸ்லிம். "என்கிட்ட கேள்வியே கிடையாதுப்பா. போன்ல பேரச் சொன்ன உடனே, வெஜ் மட்டும்தான் சார்னு வெச்சிடுவாங்க" என்றார். அதே வீட்டை நேரில் போய்ப் பார்த்த அவருடைய கூட்டாளி சொன்னானாம், கீழ்வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது என்று.

எங்கள் மூன்று பேருக்குமே வீடு கிடைக்கவில்லை. ஆனால் எங்களிடம் கேட்ட கேள்விகள் ஒரே மாதிரி இல்லை. நான் "பெண்" என்ற ஒரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுத் தெருவையும் பார்த்துவிட்டதாக நினைத்திருந்தேன். அந்தச் சாப்பாட்டு மேஜைக்கு அப்புறம், ஒரே ஆளுடைய பல அடையாளங்கள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வதை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் படித்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் உட்கார்ந்து பேசிப் பேசி, ஒரு முறை கைக்கு வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பட்டியல் போடாதீர்கள்

பாலினம், சாதி, மதம், வருமானம், மொழி, வயது, உடல்நிலை என்று வரிசையாக எழுதி எதிரே டிக் அடிக்கச் சொல்வார்கள். அடித்து முடித்தால் ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி ஒரு தாள் கையில் இருக்கும், வேறொன்றும் இருக்காது. அதனால் அடையாளத்திலிருந்து ஆரம்பிக்காமல் ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு பேங்க் கவுண்டர், ஒரு கல்யாணப் பந்தி, ஒரு நேர்காணல், எதுவாக இருந்தாலும் சரி, உங்களுக்கு நடந்ததாக இருக்க வேண்டும், சின்னதாக இருந்தால் நல்லது.

அதை விலாவாரியாக எழுதுங்கள். எத்தனை மணி, யார் கேட்டார்கள், என்ன வார்த்தையில் கேட்டார்கள், உட்காரச் சொன்னார்களா, நீங்கள் என்ன உடுத்தியிருந்தீர்கள், உங்கள் தமிழ் எந்த ஊர்த் தமிழாக இருந்தது. அப்புறம், எல்லாரும் விட்டுவிடுகிற ஒன்று: அவர்கள் உங்களிடம் எதைக் கேட்கவில்லை? "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அந்த 2 மாதத்தில் என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. தோழி சொல்லித்தான் தெரிந்தது.

ஒரு நூலை மட்டும் மாற்றிப் பாருங்கள்

குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெய்கிற கட்டம் போட்ட கைலி ஒன்றைக் கையில் எடுங்கள். பாவில் சிவப்பு நூல், ஊடையில் நீல நூல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் குறுக்கே சந்திக்கிற கட்டத்தில் தெரிவது சிவப்பும் இல்லை நீலமும் இல்லை, ஒரு மாதிரி கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்துக்கென்று தறியில் தனி நூல் கிடையாது. உருவிக் காட்டு என்றால் யாராலும் காட்ட முடியாது. ஆனால் கட்டம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஒருவருடைய அடையாளங்கள் சந்திக்கிற இடமும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் எழுதிய சம்பவத்தில் ஒரே ஒரு நூலை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அதே வேலை, அதே சம்பளம், அதே தெரு, ஆனால் நான் ஆணாக இருந்திருந்தால்? சரி, பெண்தான், கல்யாணமானவளாக இருந்திருந்தால்? சாதி வேறாக இருந்திருந்தால்? சக்கர நாற்காலியில் போயிருந்தால்? ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்திருக்கும் என்று உங்கள் ஊகத்தை ஒரு வரி எழுதுங்கள்.

எழுதிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அந்த ஊகத்தை, அப்படி வாழ்கிறவர் யாராவது உங்களுக்கு நெருக்கமாக இருந்தால், அவருக்கும் பேச இஷ்டம் இருந்தால், அவரிடம் சொல்லிப் பாருங்கள். என் ஊகம் இப்படி இருந்தது: தலித் என்பது ஒரு கஷ்டம், தனிப் பெண் என்பது ஒரு கஷ்டம், இரண்டும் சேர்ந்தால் இரட்டைக் கஷ்டம். தோழி சிரித்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் இருந்தாளாம். ஒரு ரூமில் நாலு பேர், யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகி, அடுப்பு வைத்து, குழந்தை வந்து, "குடும்பமா" ஒரு தெருவில் குடியேறலாம் என்று போனபோதுதான் சாதி வாசலில் வந்து நின்றது. எனக்கு எது சாவியாக இருந்திருக்குமோ, அதாவது "ஃபேமிலி", அதுவே அவளுக்குப் பூட்டு. கூட்டல் கணக்குப் போட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. ஊகம் தப்பாகப் போகிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் தப்பானால் சந்தோஷப்படுங்கள்.

இந்தக் கூட்டல் கணக்கு கோர்ட்டிலேயே தடுமாறிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மேல் 5 கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். அந்தக் கம்பெனி 1964-க்கு முன்னால் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. 70-களில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே என்றார்கள், 1970-க்கு அப்புறம் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லாருக்கும் வேலை போனது. கம்பெனியில்தான் பெண்கள் இருக்கிறார்களே என்றது கோர்ட். இருந்தவர்கள் வெள்ளைப் பெண்கள். நிறத்தைப் பற்றிய புகாரா, அதற்கு வேறொரு வழக்கு நடக்கிறது, அதில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்க முடியாது என்று 1976-ல் தீர்ப்பு. இதை எடுத்துவைத்துத்தான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989-ல் ஒரு கட்டுரை எழுதினார், நாற்சந்தியில் அடிபட்டவளை எந்தச் சாலையில் வந்த வண்டி இடித்தது என்று கேட்டால் எப்படி என்று. இன்று உலகம் முழுக்கப் பேசுகிற 'இன்டர்செக்ஷனாலிட்டி' என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

நம்மூரில் அப்படி இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆந்திராவில் பிறவியிலேயே பார்வையில்லாத, பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், 2021-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கருத்தை எடுத்துவைத்து நீளமாக எழுதியது. ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்த தண்டனையை ரத்து செய்துவிட்டது, ஏனென்றால் குற்றம் நடந்தபோது இருந்த சட்டப்படி "சாதிக்காகத்தான் செய்தான்" என்று நிரூபித்தாக வேண்டும், அதற்குச் சாட்சியம் இல்லை. பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்திருந்தாலே போதும் என்று அந்தப் பிரிவு மாறியது 2016-ல்தான். பார்வை, சாதி, பெண் என்று மூன்றும் சேர்ந்து நிற்பது நீதிபதிகளுக்குப் புரிந்தும்கூட, காகிதத்தில் இடம் இல்லாமல் போனால் நடப்பது இது.

அந்த நேரத்தில் யார் எங்கே நின்றார்கள்?

இயற்கைக்குச் சாதி, பெண், ஆண் எல்லாம் தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு. கடலூர்க்காரியான எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆக்ஸ்பாம் அமைப்பு அடுத்த ஆண்டு வெளியிட்ட கணக்கில், கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஏன்? கடலுக்குப் போயிருந்த ஆண்களின் படகுக்கு அடியில் அலை பெரிதாகத் தெரியாமல் கடந்துபோனது, ஆழத்தில் அப்படித்தான் இருக்கும். கரைக்கு வந்ததும்தான் எழும்பியது. கரையில் யார்? படகு வரும், மீனை வாங்கலாம், ஏலம் எடுக்கலாம், கூடையில் ஏற்றலாம் என்று காத்திருந்த பெண்கள். வீட்டில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புடவை காலைச் சுற்றியது. ஆண் பிள்ளைகள் நீந்தவும் மரம் ஏறவும் பழகியிருந்த அளவுக்குப் பெண் பிள்ளைகளைப் பழக்கியிருக்கவில்லை. பெண் என்பது மட்டும் காரணம் என்றால் கடலிலிருந்து தள்ளித் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த நானும் அதில் வந்திருப்பேன். மீனவர் என்பது மட்டும் காரணம் என்றால் ஆண்கள்தான் அதிகம் போயிருக்க வேண்டும். மீனவப் பெண் என்பதால் அந்த மணிக்கு அந்த மணலில் நிற்க வேண்டியிருந்தது.

நிவாரணம் வந்தபோது அதே துணியின் இன்னொரு கட்டம் தெரிந்தது. படகு எத்தனை, வலை எத்தனை என்று கணக்கெடுத்தார்கள். கூடை சுமந்து மீன் விற்கிற அம்மாவுக்குத் தொலைந்தது கூடையும் கையில் இருந்த முதலும்தான், அதற்குப் பட்டியலில் வரி இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து வழியாகக் கணக்குப் போன இடங்களில், வரி கட்டுகிற ஆண் தலைக்கட்டுதான் குடும்பம், கணவனை இழந்தவர் பெயரைத் தேட வேண்டியிருந்தது. கிள்ளை, பிச்சாவரம் பக்கம் கழிமுகத்தில் இறங்கி கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. "மீனவர்" என்ற சொல்லுக்குள் அவர்கள் நுழையவே பாடுபட வேண்டியிருந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவர் எந்த வேலைக்காக, எந்த நேரத்தில், எந்த இடத்தில் இருந்தார்? அடையாளம் நெற்றியில் ஒட்டியிருப்பதில்லை. அது ஒருவரை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

காகிதத்தையும் பாருங்கள்

கடலூரையும் புதுச்சேரியையும் பிரிக்கிற எல்லை முள்ளோடையில் இருக்கிறது. பஸ்ஸில் கண்ணயர்ந்தால் தெரியாது, திடீரென்று வரிசையாக மதுக்கடை வந்தால் புதுச்சேரி வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் சான்றிதழுக்கு அந்தக் கோடு நன்றாகத் தெரியும். பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, புதுச்சேரிக்கு 1964-ல் தனி ஆணை. ஒரு மாநிலத்துச் சான்று பொதுவாக இன்னொன்றின் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பூர்வீகமா, குடிபெயர்ந்தவரா என்பதைப் பற்றி இங்கே வழக்குமேல் வழக்கு நடந்திருக்கிறது. கேட்பதற்கு இது வசிப்பிடம் சம்பந்தப்பட்ட விதி. ஆனால் கல்யாணமாகி ஊர் மாறுவது நம்மூரில் யார்? பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போகிற கடலூர் தலித் பெண்தான் 10 கிலோமீட்டர் தாண்டியதற்காக "வெளியூர்" ஆகிறாள். விதியில் பெண் என்ற வார்த்தையே இல்லை பாருங்கள்.

இருளர்கள் தமிழ்நாட்டில் பழங்குடி. புதுச்சேரியில் 2016 வரை பழங்குடிப் பட்டியல் என்று ஒன்றே இல்லை. அதே மாதிரிதான் மதம். 1950-ல் வந்த ஆணைப்படி கிறிஸ்தவராக மாறிய தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகக் கணக்கு. புதுச்சேரியில் சர்ச்சுக்குள்ளேயே தலித் கிறிஸ்தவர்களை மறைத்துக் கட்டியிருந்த சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஞானஸ்நானம் சுவரை இடிக்காது என்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே ஊருக்குத் தெரியும்.

அதனால், ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எந்தக் கட்டத்தில் ஒரு ஆள் தன்னைப் பாதியாக வெட்டிக்கொண்டு நுழைய வேண்டியிருக்கிறது என்று தேடுங்கள். இந்த ஒரு பயிற்சி பத்து சொற்பொழிவுக்குச் சமம்.

உங்களுக்குச் சுலபமாகக் கிடைத்ததை எழுதுங்கள்

இது வலிக்கும், அதனால்தான் கடைசிக்குத் தள்ளிப்போடுவார்கள். எனக்குக் கடைசியில் வீடு கிடைத்தது, முத்தியால்பேட்டையில். வீட்டுக்கார அம்மா வழக்கம்போல் தனியாவா என்று இழுத்தார். அப்புறம் தாத்தா ஊரைக் கேட்டார். சொன்னேன். "அட, நம்ம ஆளுங்கதானா!" அவ்வளவுதான், கல்யாணமாகாதது, ராத்திரி 8 மணிக்கு மேல் வருவது எல்லாம் காணாமல் போய்விட்டது, காபியும் வந்தது. என் சாதியை நான் சொல்லவே இல்லை, அதுவாக வேலை செய்தது. அந்தக் காபியை நான் குடித்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

தடையும் வசதியும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கும். 1873-ல் புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் ஐரோப்பியப் பாணி ஷூ போட்டு நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரன் கண்ணில் அவர் உள்ளூர்க்காரர், அவமானப்பட்டார், உண்மை. ஆனால் பாரிஸ் வரை வழக்கை எடுத்துப்போய் ஜெயிக்க அவருக்குப் படிப்பு இருந்தது, வெள்ளாளர் என்ற நிலை இருந்தது. அதே ஊரில் அதே நாளில் செருப்பே போட முடியாமல் இருந்தவர்களுக்குப் பாரிஸ் ஏது?

குழுவாகச் செய்தால்

ஒரு கல்லூரியில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து, "வீட்டில் அப்பா அம்மா பட்டம் பெற்றவர்களா, ஓர் அடி முன்னால் வாருங்கள்" என்கிற மாதிரி ஒரு விளையாட்டு. 10 கேள்வி முடிந்தபோது பின்னால் ஒரு பையன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பாடம், அவனுக்கு என்ன? அவன் மத்தியானம் வரவில்லை. அந்த விளையாட்டை அதோடு விட்டேன்.

இப்போது யாரையும் சாதியோ மதமோ சொல்லச் சொல்வதில்லை. சம்பவத்தைத் தாளில் எழுதுவார்கள், வாசிப்பதும் மடித்துப் பையில் வைத்துக்கொள்வதும் அவரவர் இஷ்டம். ஒருவர் பேசும்போது "எங்க வீட்டுலயும் கஷ்டந்தான்" என்று நடுவில் யாராவது நுழைவார்கள், கட்டாயம் நுழைவார்கள். அவரை நிறுத்தி, பிற்பாடு பேசலாம் என்று சொல்லுங்கள். அப்புறம் மறக்காமல் அவரையும் கேளுங்கள், ஏனென்றால் அவருக்கும் ஒரு கட்டம் இருக்கும். யாருக்கு அதிகக் கஷ்டம் என்று மார்க் போடுகிற பக்கம் மட்டும் பேச்சைப் போகவிடாதீர்கள்.

கூட்டம் வைக்கிற நேரத்தையே முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். "பெண்கள் அனைவரும் வருக" என்று காலை 7 மணிக்கு வைத்தால் மீன் விற்கிற பெண் வரமாட்டார், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவரும் வரமாட்டார். தமிழ்நாட்டில் 2021-லிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அருமையான திட்டம், ஆனால் தனியார் பஸ் மட்டும் ஓடுகிற ஊர்க்காரிக்கு அது செய்திதான். எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் "பெண்கள்", "மீனவர்", "அனைவரும்" என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டு, எந்தப் பெண், எந்த மீனவர் என்று கேட்டுப் பழகுங்கள்.

போன மாதம் வீட்டுக்கார அம்மா, மாடி காலியாகிறது, "நல்ல ஆளா, நம்ம மாதிரி ஆளா பாத்து சொல்லும்மா" என்றார். தோழியிடம் கேட்டேன். "கேட்டுப் பாரு. எந்தப் பக்கம்னு கேப்பாங்க. நீ என்ன சொன்னேன்னு மட்டும் எனக்குச் சொல்லு" என்றாள். கேட்டேன். புருஷன், பொண்டாட்டி, ஒரு குழந்தை, ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள் என்றேன். "எந்தப் பக்கம்?" என்றார். "எந்தப் பக்கம்னா என்னம்மா?" என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர், அன்றைக்கு வெளியே வரவில்லை. நடந்ததை அப்படியே தோழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மாடியில் 'டு லெட்' போர்டு இன்னும் தொங்குகிறது.